திரும்பி வராதவர்களின் ரேக்

டிரை கிளீனிங் கவுண்டரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். கறை போகாவிட்டால் கஸ்டமர் திட்டுவார், பிறகு மறந்துவிடுவார். துணியே இல்லை என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில், கணவரோடு மெட்ராஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தின் கடையில் சேர்ந்தேன். சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு உடுத்திய துணியோடு அமெரிக்கா வந்தவர் தன் பெயரிலேயே ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு மகன் ஆரா முதலாளி. மகள் அனூஷ் ஆல்டரேஷன் பார்த்தார். அப்பா விட்டுப்போன சட்டம் ஒன்றுதான். யாரும் வாங்க வராத துணியை விற்கக் கூடாது. ஸ்டீம் பிரஸ்ஸுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு ரேக். அவசரமாக ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வரக்கூடும் என்பாராம். முதல் நாள் அனூஷ் எனக்குக் காட்டியதே அந்த ரேக்கைத்தான்.

எங்கள் கஸ்டமர் யோகேஸ்வரி ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் அவர் வீட்டைக் கொளுத்தியபோது அவர் தூக்கிக்கொண்டு ஓடியது தன் கல்யாணக் கூறைச் சீலையை மட்டும்தான். புகை வாடை போக வேண்டுமென்று எங்களிடம் கொடுத்தார். வாங்கிக்கொள்வதற்குள் அவர் கணவருக்கு டெக்ஸஸுக்கு மாற்றலாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் உடுத்தப்போவதாகப் போனில் சொன்னார். பத்திரமாக இருக்கும், இந்தக் கடையில் எதையும் விற்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

அடுத்த கோடையில் ஆராவுக்குத் துணிகளைத் தொங்கவிட்டு நகர்த்தும் புது கன்வேயர் வைக்க இடம் தேவைப்பட்டது. நானும் அனூஷும் இல்லாத ஒரு சனிக்கிழமை, ரேக்கை அப்படியே வாசலுக்குத் தள்ளி மலிவு விற்பனை போட்டுவிட்டார். கூறைச் சீலையை யாரோ கர்ட்டன் தைக்க வாங்கிப் போனார்களாம். யார் என்று தெரியாது.

"வாங்க வராத துணிக்கு நாம பொறுப்பில்லன்னு டிக்கெட் பின்னாடி கண்டிஷன் பிரிண்ட் பண்ணியிருக்கே. லீகலா நம்ம மேல தப்பில்ல" என்றார், காபியை உறிஞ்சிக்கொண்டே. அந்தக் கப்பைத் தட்டிவிடலாமா என்றிருந்தது.

அந்த வாரமே ஆன்ட்டி சீலையை வாங்கிப்போக டெக்ஸஸிலிருந்து வந்து நின்றார். ஆராவை வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். ஆன்ட்டி அழவில்லை.

"எரிச்சவங்களிட்ட இருந்து காப்பாத்தினனான், பிள்ளை. பத்திரமா இருக்கும் எண்டு குடுத்த இடத்திலதான் துலைஞ்சது."

என்ன சொல்கிறார் என்று அனூஷ் கேட்டார். ஆராவின் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அனூஷ் எழுந்து ஏணியை எடுத்துப்போய், வாசலில் இருந்த போர்டின் ஸ்குரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஆரா பின்னாலேயே ஓடினார். அது என் கடையின் பெயர் என்று கத்தினார்.

"அப்பா பேரு. அந்த ரேக் இருந்த வரைக்கும்தான் உனக்கு" என்றார் அனூஷ். போர்டைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நானும் அன்றோடு நின்றுவிட்டேன். ஆரா வேறு பெயரில் கடையை நடத்தினார். நன்றாகத்தான் ஓடியது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நான் கற்றது இதுதான். கவுண்டரில் நிற்பவர் கொடுக்கும் வாக்கு முதலாளி கையில் இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் "பத்திரமா இருக்கும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

மகள் கல்யாணத்துக்கு ஆன்ட்டி எங்களையும் கூப்பிட்டிருந்தார். புதுப் பட்டு உடுத்தியிருந்தார். சீலை அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.