பொங்கலில் கறிவேப்பிலை பொறுக்கிய இயந்திரம்

என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது ஆவணி மூன்றாம் வாரம். பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் வீட்டில் கொழுக்கட்டை செய்யாத வருடம் அது ஒன்றுதான், அதனால் சந்தேகமில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. ஆனால் அவளுக்கு வாசனை தெரிவது நின்றுவிட்டது, அதோடு ருசியும் போனது. அடுப்பில் பால் தீய்ந்ததுகூடத் தெரியாமல் அருகிலேயே நின்றிருந்தாள். அன்றோடு சமைப்பதை விட்டாள்.

மாடம்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே மெஸ் நடத்துகிறார். அங்கிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. ருசி போனபின் வாய்க்குத் தெரிந்தது எது மெத்தென்று இருக்கிறது, எது தடுக்கிறது என்பது மட்டும்தான். கறிவேப்பிலை, மிளகு, கொத்தமல்லித் தண்டு எது தட்டுப்பட்டாலும் அவளுக்குக் குமட்டும், எழுந்துவிடுவாள். ஐப்பசியில் வளையல்கள் முழங்கை வரை ஏறின.

இதெல்லாம் போடாமல் தர முடியுமா என்று மெஸ் அக்காவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே அண்டாவுல தாளிக்கிறேன் சார். உங்க வூட்டுக்குன்னு தனியா இன்னா பண்றது?" என்றார். சரிதான்.

நானே பொறுக்கிக் கொடுத்தேன். "வேணாங்க, குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு," என்றாள். ஓர் இயந்திரம் பொறுக்கினால் அப்படித் தோன்றாது என்று நினைத்தேன்.

திருமுடிவாக்கத்தில் நான் வேலை செய்யும் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டி ஒரு கை செய்தேன். நுனியில் இடுக்கி, மேலே பழைய செல்போன் கேமரா. பச்சையாகவும் கறுப்பாகவும் தெரிவதை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். பக்கத்து மெஷின்காரன் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், கிளி ஜோசியமா? எனக்குச் சம்பளம் எப்ப ஏறும்னு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லேன்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

முதலில் அது இலையை எடுத்துச் சாம்பாரில் போட்டது. பிறகு தட்டில் வரைந்திருந்த பூவையே கொத்தியது. பீங்கான் தட்டை விட்டு எவர்சில்வர் தட்டுக்கு மாறினேன். கார்த்திகை முடிவதற்குள் ஒழுங்காக வேலை செய்தது.

ஒரு ஞாயிறு காலை வெண்பொங்கலை அதன் முன் வைத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு மிளகுகூட மிச்சம் வைக்கவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கை வைக்கவில்லை.

"இது என்னது?"

"பொங்கல்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? கருவேப்பிலையையும் மொளகையும் பார்த்துத்தான் பொங்கல்னு நம்பிச் சாப்பிட்டுட்டிருந்தேன். இப்ப வெறும் வெள்ளையா இருக்கு."

மோட்டாரை நிறுத்தினேன். கிண்ணத்தில் கிடந்த இலைகளில் இரண்டை அவள் எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடுங்க முதல்ல. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் சாப்பிட்டேன். "மிளகு தூக்கல். நெய் கம்மி. இஞ்சி இருக்கு."

தலையசைத்து ஒரு வாய் எடுத்தாள். "அப்புறம்?"

"கொஞ்சம் குழைஞ்சிருக்கு."

"அது எனக்கே தெரியுது. வேற சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கும் ஒரு ருசியும் தெரியவில்லை. நெய்யைப் பற்றி இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் திருத்தவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.