அக்காவின் முதல் வாக்கியம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கண்டியில் நடந்த ஒரு விவாதப் போட்டியில், இசை செவிக்கு விருந்தேயன்றி ஒருபோதும் மருந்தாகாது என்று முழங்கி வெற்றிக் கிண்ணம் பெற்றேன். பாடசாலையில் கர்நாடக இசை கற்பிக்கும் என் அக்கா முன்வரிசையில் இருந்தார். எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவரும் அவரே.

இரண்டு மாதங்களில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேராதனை மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். வலக்கையும் பேச்சும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது அனைத்தும் அவருக்கு விளங்கியது. பதில்தான் வரவில்லை. மீண்டும் வகுப்பறைக்குப் போவாரா என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

பேச்சு என் கலையல்லவா? அவரைப் பேசவைக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். "சொல்லுங்கக்கா, தண்ணி" என்று நாள்தோறும் கட்டிலருகே நிற்பேன். அவர் உதடு அசைவதற்குள் அச்சொல்லை நானே சொல்லி முடித்துவிடுவேன். மேடையில் மௌனம் என்றால் தோல்வி என்று பழகியவள் நான். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பேச்சுச் சிகிச்சை அளிக்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண் இதைச் சற்று நேரம் கவனித்தார். அக்காவின் தொழிலைக் கேட்டறிந்ததும், அவரது இடக்கையைப் பிடித்து மெத்தையில் தாளம் தட்டியபடி, இசை மாணவர் முதலில் பயிலும் சரளி வரிசையைத் தொடங்கினார். மூன்றாவது ஸ்வரத்தில் அக்காவின் குரல் வந்து சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் எழுத்தும் அத்தனை துலக்கம். கையிலிருந்த ஃபிளாஸ்க்கை எங்கே வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை.

பேச்சை ஆளும் மூளையின் இடப்பக்கம் பழுதுபட்டாலும், பாட்டு வலப்பக்கத்தின் துணையையும் நாடுவதால் சிலருக்கு அவ்வழி திறந்திருக்கும் என்று அந்தப் பெண் விளக்கினார். எல்லோருக்கும் இது வாய்க்காது என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ பாடுவா. நீங்கள் கொஞ்சம் இடம் விடுங்கோ பிள்ளை" என்றார்.

அதன்பின் ஸ்வரங்களின் இடத்தில் சொற்களை வைத்துப் பயிற்சி நடந்தது. தாளம் போடுவது மட்டுமே என் வேலை. ஒருநாள் அக்கா எதையோ கேட்க முயன்றார். பழக்கம் விடுமா? தண்ணியா, தேத்தண்ணியா, தலையணையா என்று நான் அடுக்கத் தொடங்கினேன். அவர் கட்டிலைத் தட்டி என்னை நிறுத்தி, இரண்டே ஸ்வரங்களில் இழுத்துப் பாடினார்:

"தங்கச்சி... கொஞ்சம்... பேசாம இரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் அக்கா மீண்டும் வகுப்பெடுக்கிறார். சொல் தடைப்பட்டால் ஒரு ஸ்வரத்தைப் பற்றிக்கொண்டு கடந்துவிடுகிறார். கிண்ணம் அலுமாரியில் இருக்கிறது. ஆயினும் எதிரே ஒருவர் சொல் தேடித் தடுமாறும்போதெல்லாம், நான் மகிழ்ந்து தோற்ற அந்த ஒரே வாதத்தின் தீர்ப்பு தாளத்தோடு என் காதில் ஒலிக்க, வாய்மூடிக் காத்திருக்கிறேன்.