டாக்டர் வேஷம்

எங்கள் இன்ஜினீயருக்கு வசனம் மட்டும் மனப்பாடம் ஆகாது. செஞ்சி வட்டாரத்து ஏரிகளில் எந்த மதகு எத்தனை அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பாட்டென்றால் கேட்கவே வேண்டாம். சிங்கவரத்தில் உச்சி வெயிலில் நான் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் லெவல் கருவியில் ஒரு கண்ணை வைத்தபடி தோடியை இழுத்துக்கொண்டிருப்பார். ஆலாபனை முடிகிறவரை அளவு சொல்ல மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவருடைய ஆபீஸில் பிளான் வரைகிறவன். அறுபதுகளின் தொடக்கத்தில் மாற்றலாகி வந்த கையோடு அவர் ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஒரு நாடகம், ஹைஸ்கூல் மைதானத்தில். கதை, பாட்டு, ஹார்மோனியம், கதாநாயகன் எல்லாம் அவரே. மதகுக் கதவைத் தூக்குகிற திருகாணியை வைத்துத் திரைச்சீலைக்கும் ஒரு பொறி செய்தார். அதைச் சுற்றிச் சுற்றித் திரை மேலே போவதற்குள் ஊர் ஜனம் நடிகர்களின் கால்களையே நாலு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

எனக்கு நடிக்க ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொள்ளை ஆசை. முதல் வருஷமே கேட்டேன்.

"உனுக்கு இல்லாத வேஷமாய்யா? இந்த தடவ மட்டும் சைடுல நின்னு வசனம் எடுத்துக் குடு. அடுத்த டிராமாவுல பாத்துக்கலாம்" என்றார்.

ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டோம். பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்று ஒவ்வொரு வரியாக நான் கிசுகிசுப்பேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மைதானமே அதிரும்படி முழங்குவார். கைதட்டல் அவருக்கு, தொண்டைக் கமறல் எனக்கு.

ஆறாவது வருஷம், வேஷம் இல்லையென்றால் நோட்டைத் தொடமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் வேஷம் கொடுத்தார். மூன்றே வசனம். "கவலைப்படாதீங்க. உங்க பிள்ளை பொழச்சிட்டான். உள்ளே போய்ப் பாருங்க." மூன்றுதான், ஆனால் கதை திரும்புவதே அதில்தான். ஒரு மாதம் அதைச் சொல்லிப் பார்க்காத இடமில்லை. அவலூர்பேட்டை பஸ்ஸில் நான் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டுப் பக்கத்து ஆசாமி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

"அப்ப வசனம் எடுத்துக் குடுக்க யாரு சார்?" என்று நானே கேட்டேன்.

"பாத்துக்கலாம்யா" என்றார். அவர் எங்கே பார்த்தார்?

நாடகத்தன்று சாயங்காலம், என் காட்சியில் மேடையில் நானும் அவரும் மட்டும். அவர் பண்ணையார். மகன் பிழைப்பானா என்று தெரியாமல் என்னிடம் ஒரு பக்கத்துக்குப் புலம்ப வேண்டும். இரண்டாவது வரியிலேயே நின்றுபோனார். பக்கத் திரையைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. என்னைப் பார்த்தார். பாழாய்ப்போன பழக்கம், என் வாய் தானாகத் திறந்து அடுத்த வரியைக் கிசுகிசுத்தது. அவர் கண் கலங்கச் சொன்னார். இன்னொன்று கொடுத்தேன், அதையும் சொன்னார். அந்த ஒரு பக்க வசனம் முழுவதும் இப்படியே ஓடியது. "டாக்டர், எம் பிள்ளை இருக்கானா?" என்று அவர் என் கையைப் பிடித்தபோது, அடுத்து வருவது டாக்டர் வசனம் என்பது எனக்கு நினைவிருந்தது. அந்த டாக்டர் நான்தான் என்பது மறந்துவிட்டது. "கவலைப்படாதீங்க, உங்க பிள்ளை பொழச்சிட்டான்" என்று அதையும் அதே கிசுகிசுப்பில் எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரோ சொல்லப்போகிறார்கள் என்று நின்றேன்.

அவர் சொல்லிவிட்டார். நான் எதைக் கொடுத்தாலும் சொல்லிப் பழகியவர் அல்லவா? என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க டாக்டர்! உங்க பிள்ளை பொழச்சிட்டான்!" என்று முழங்கினார். அதன் பிறகுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும், ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். உடனே ஒரு பாட்டை எடுத்தார், அங்கேயே கட்டிய பாட்டு. கோபத்தோடுதான் சொல்கிறேன், அப்படி ஒரு பாட்டை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஊரே எழுந்து கைதட்டியது. "யார் பிள்ளடி பொழச்சிது?" என்று பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் கேட்டது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஊருக்குக் கேட்கும்படி ஒரு வரிகூடச் சொல்லாமலே நான் மேடையை விட்டு இறங்கினேன்.

வேஷம் கலைக்கும்போது, "சார், அது என் வசனம்" என்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"அப்டியா? நீதானய்யா எடுத்துக் குடுத்த" என்றார், முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே. "விடு, அடுத்த டிராமாவுல பாத்துக்கலாம்."

அடுத்த டிராமா வருவதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அதோடு குழுவும் கலைந்தது.

பல வருஷம் கழித்து அவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். "இவர்தான் செஞ்சியில அப்பாவுக்கு வசனம் எடுத்துக் குடுத்தவர்" என்று அவருடைய மகள் என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகம் செய்தாள்.

"நீங்க நடிச்சதில்லயா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அப்பா கெஞ்சிக் கெஞ்சிக் கூப்ட்டாராம் மாமா. இவருக்கு மேடைன்னாலே பயமாம், கடைசி வரைக்கும் ஏறவே இல்லயாம். அப்பாவுக்கு அதுல ரொம்ப வருத்தம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாலை போட்ட போட்டோவோடு சண்டையா போட முடியும்?

"ஆமாங்க, பயந்தான்" என்றேன்.