தழும்பில்லாத உள்ளங்கை

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் ஒப்பந்தக் கூலியானேன். குன்றத்தூரில் வாடகை அறை. உடன் தங்கியவன் வாலாஜாபாத்துக்காரன். அவனுக்கும் அதே வேலைதான்.

அங்கே தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் வேலை. கண் மட்டும் தெரியும். அதனால் ஒருவன் கார்டில் இன்னொருவன் உள்ளே போவது எங்களுக்குள் சகஜம். எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. அவனுக்கு வார விடுமுறையாக இருந்த ஒருநாள் என் கார்டைக் கொடுத்துவிட்டு, வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து அவனைத் தீவிரவாத வழக்கில் பிடித்தார்கள். நான் கோயிலுக்குப் போன அதே நாளில் அவன் வெளியூர் ரகசியக் கூட்டமொன்றில் இருந்தானாம். கம்பெனிக் கணக்குப்படி அன்று வேலைக்கு வந்தவன் நான், அவனுக்கு விடுமுறை.

இலவச சட்ட உதவியில் அவனுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். என்னைத் தேடி வந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஆள்மாறாட்டம் என்று என் மேலும் வழக்கு வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னார்.

நான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனது.

"இன்னாடா, தீவிரவாதிக்கா சாட்சி சொல்லப் போற?"

"கேஸுதான் போட்டுகிறாங்க சார். தீர்ப்பு இன்னும் வரல."

"வக்கீலு மாதிரி பேசாத. வேலைய மறந்துடு."

மறந்துவிட்டேன். இதற்கு முன்னும் பல வேலைகள் போயிருக்கின்றன.

நீதிமன்றத்தில் ஜாமீன் விசாரணையின்போது அரசு வக்கீல் என்னைப் பொய்யன் என்றார். எங்கள் வக்கீலம்மா கம்பெனி முதலுதவி அறைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். நான் கோயிலுக்குப் போன அன்று தகடு கிழித்து, இடது உள்ளங்கையில் மூன்று தையல் என்று என் பெயரில் எழுதியிருந்தது. நீதிபதி என் கையை விரிக்கச் சொன்னார். தழும்பு இல்லை. பிறகு அவன் கையை விரிக்கச் சொன்னார். இருந்தது.

பள்ளியில் கொடியேற்றும் நாளில் மிட்டாய்க்காகத்தான் சுதந்திரம் என்று கத்துவேன். நாட்டுக்கு எதிரி என்று எழுதப்பட்டவனுக்கும் அந்த நாடே ஒரு வக்கீலைக் கொடுத்து, என் போன்றவன் சொல்லையும் உட்கார்ந்து கேட்டது. அன்று வெளியே வந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு இப்போது வேறு கம்பெனி. அவனுடைய வாய்தா நாட்களில் முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, துணைக்குப் போகிறேன்.