மனைவி பேரில் ஓர் அமெரிக்கா

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மாரி மழை தொடங்கியிருந்த ஒரு பிற்பகல். கல்முனை பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள கொப்பி எடுத்து, கம்பியூட்டரில் விண்ணப்பமும் போட்டுத் தரும் ஒரு கொமினிகேஷன் கடையில் நடந்தது இது.

நான் சாய்ந்தமருதில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்ட எனக்கு அந்த வருடம் அமெரிக்கா ஆசை பிடித்துக்கொண்டது. அவர்கள் வருடா வருடம் குலுக்கல் போட்டு, பேர் விழுந்தவர்களைக் குடும்பத்தோடு அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க விடுகிறார்களாம். பேக்கரிக்கு மா இறக்க வந்த லொறிக்காரர் இதைச் சொன்ன நாளிலிருந்து, நான் நின்றது பாண் வேகும் போறணைக்கு முன்னால் என்றாலும் மனம் இருந்தது அங்கேதான். பிள்ளைகள் அங்கே படிப்பார்கள். பாண் தின்னாத ஊர் உண்டா, எனக்கு வேலை கிடைக்காமலா போகும் என்று எனக்குள்ளேயே கதைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பேர் விழுந்த பிறகு சொல்லி அவளை அசத்த நினைத்தேன்.

விண்ணப்பம் போடுவதற்கான கடைசி நாளில்தான் எனக்குத் துணிவு வந்தது. கடையை நடத்திய இளம் பெண்ணிடம் என் படத்தை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"காக்கா, இந்தக் கோட் யாருட?"

"ஸ்டூடியோக்காரன் கம்பியூட்டர்ல போட்டுத் தந்த, தங்கச்சி."

"இப்பிடி மாத்தின படம் சரிவராது. நான் புதுசா எடுக்கன். எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சிருக்கீங்க?"

பின்னால் போட்டோ கொப்பி எடுக்க ஆட்கள் நின்றார்கள். மெதுவாக, "அஞ்சு" என்றேன். அவள் முகம் மாறியது. பேர் விழுந்தாலும் விசாவுக்கு பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். உயர்தரம் வரை படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் சொல்லும் தொழில்களில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், பாண் போடுவது அதில் வராது என்று பக்குவமாகச் சொன்னாள். கோட் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"நில்லுங்க காக்கா. ராத்தா என்ன படிச்ச?" நான் காக்கா, அண்ணன் என்றால் என் மனைவி அவளுக்கு ராத்தா, அக்கா.

"ஏ.எல். பாஸ்."

"அப்ப அவங்கட பேர்ல போடுவமே! நீங்க புருஷனாக் கூடப் போகலாம்."

வரிசையில் நின்ற ஒரு ஹாஜியார் விடவில்லை. "பொஞ்சாதிட பேர்லயா? அமெரிக்காக்குப் போயும் இவருக்குப் பொஞ்சாதி ஊடுதான்!"

"ஒங்கட ஊட்டு உறுதி யாருட பேர்ல இரிக்கி ஹாஜியார்?" என்றாள் அந்தப் பெண்.

கடையே சிரித்தது. ஹாஜியாரும் சிரித்தார். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீட்டு உறுதி, அதாவது பத்திரமும், பெண் பேரில்தான் இருக்கும். நானும் அப்படிப் போனவன்தானே!

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"அமெரிக்காவா? பாண் கருகின புகை தலைக்கு ஏறிட்டா?" என்றாள். குலுக்கலைப் பற்றி எல்லாம் சொன்னேன். "புள்ளையளையும் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டாள்.

ஆட்டோவில் நனைந்தபடி வந்து இறங்கினார்கள். மனைவி முகம் மூடுகிறவள். படத்துக்கு முகம் முழுவதும் தெரிய வேண்டும், தலையை மூடிய ஸ்காப் இருக்கலாம் என்றாள் கடைக்காரப் பெண். மனைவி என்னைப் பார்த்தாள். அதற்குள் ஹாஜியார் சத்தம் போட்டார்: "ஆம்பிளையள் எல்லாரும் வெளிய வாங்க! அந்தப் புள்ள படம் எடுக்கட்டும்." கொப்பி எடுக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், மழைச் சாரலில் வாசலில் நின்றார்கள். முறுமுறுத்த ஒருவரை, "கரைஞ்சா போயிருவீங்க?" என்று ஹாஜியார் அடக்கினார்.

பிறகு அந்தப் பெண் பிள்ளைகளையும் எடுத்தாள், என்னையும் எடுத்தாள், கொலரில் மாவோடு.

படம் எடுத்து முடித்துத் திரும்பியபோது மனைவி கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, அதில் இருந்த இங்கிலீசை வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தடுமாறாமல் வாசித்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இங்கிலீசு வாசித்து நான் கேட்டதில்லை. மூத்த மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கடைசியில் பிஸ்மில்லாஹ் சொல்லி, அனுப்பும் பொத்தானை மனைவியே அழுத்தினாள். விண்ணப்பம் கிடைத்ததென்று திரை சொன்னதும் வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "போயிட்டு!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்!

அந்த முறை எங்கள் பேர் விழவில்லை. அடுத்த முறையும் இல்லை. ஆனாலும் விண்ணப்பம் போடும் காலம் வந்தால் வீட்டில் பெருநாள் மாதிரி இருக்கும். இப்போது மனைவி தன் கைப்போனிலேயே நிரப்புகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நிரப்பிக் கொடுக்கிறாள். வீட்டு உறுதி மட்டும்தான் அவள் பேரில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் பெரிய ஆசையையும் அவள் பேரில் எழுதலாம் என்று அன்று அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது.