ஃபின்லாந்துக்கு யார் பங்காளி

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் வாஷ்கேர் லேபிள் பார்ப்பது என் வேலை. சலவைக் குறிப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் மொழியில் வரும். பார்த்துப் பார்த்து ஆசை வந்து, எந்த மொழி எதற்குச் சொந்தம் என்று செல்போனில் தேடிப் படித்தேன். படித்ததை என்னோடு வைத்துக்கொள்ளும் நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது.

டீ நேரத்தில் ஆரம்பித்துவிடுவேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா குண்டடத்துக்காரர். கூட்டம், அதாவது குலம், எது என்று கேட்காமல் அவருக்கு எதுவும் விளங்காது. “ஏனுங்க, இதுல யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான்?” என்பார். ஸ்பானிஷும் இத்தாலியனும் கூடப்பிறந்தவை, ஜெர்மனும் ஸ்வீடிஷும் அவற்றுக்குத் தூரத்துப் பங்காளி என்பேன். ஸ்வீடனுக்குப் பக்கத்து வீடாக இருந்தும் ஃபின்னிஷ் வேறு கூட்டம். அதன் கூடப்பிறந்தது எஸ்டோனியன். அருகே டீ குடித்துக்கொண்டிருந்த பீகார் டெய்லரைக் காட்டி, இவர் இந்தியும் ஜெர்மன் கூட்டம்தான் என்றேன். அன்றிலிருந்து அவர் உள்ளே வந்தாலே, “ஜெர்மன்காரரு வந்துட்டாருங்க” என்று லைன் முழுக்கக் கேலி. அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை பெயர் ஒட்டாத இரண்டு லேபிள் ரோல்கள் வந்தன. ஒன்று ஃபின்லாந்துக்கு, ஒன்று எஸ்டோனியாவுக்கு. எந்த நாட்டுக்கு எந்த வாசகம் என்ற பட்டியலை எடுத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். மேதைக்குப் பட்டியல் எதற்கு? ஒரே பார்வையில், “இது ஃபின்னிஷ்” என்று எடுத்துக் கொடுத்தேன். பீகார் டெய்லர் நம்பித் தைத்தார். மதியம் செக்கிங்கில் தெரிந்தது, அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியிருக்கிறேன்.

யார் தைத்தாரோ அவரேதான் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்பது எங்கள் லைன் வழக்கம். அவருக்கோ அன்று மாலை ரயில். ஊரில் தங்கைக்குக் கல்யாணம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தார். “தப்பு என்னுதுங்கக்கா” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பறம் என்னங்க, சொந்தம் சொன்னவரே உக்காந்து பிரிங்க. நான் தெச்சுக்கறேன்.” பிறகு டெய்லர் பக்கம் திரும்பி, “நீங்க கெளம்புங்க, கல்யாணத்தப் பாருங்க” என்றார்.

ட்ரிம்மரை வாங்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்க இந்தியில் ஒரு வார்த்தை தேடினேன். ஐரோப்பா முழுவதற்கும் சொந்தம் சொன்ன வாயில் ஒன்றும் வரவில்லை. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்: “மெல்லப் பிரிங்க, துணி ஓட்டையாயிருமுங்க.”