பழுதில்லாத முப்பத்தொரு பிஸ்கட்

பிஸ்கட் தொழிற்சாலையில் பெல்ட்டில் ஓடிவரும் பிஸ்கட்டுகளைப் பார்த்து, பழுதானதைக் கழிப்பது அவர் வேலை. விளிம்பு உடைந்தது, நிறம் கூடியது, வட்டம் கோணியது என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பதினெட்டு வருடப் பழக்கம். வெளியிலும் அந்தக் கண் ஓயவில்லை. சுவரில் மாட்டிய படம், மாமனாரின் மீசை என எதையும் அவரால் சும்மா பார்க்க முடியாது. கூட வேலை செய்பவர்கள் 'ஸ்கேல்' என்று கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வயது மகள் புதுப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் யாரும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் முறைவைத்து ஒவ்வொருவரும் தன் கையால் செய்த தின்பண்டத்தை முப்பத்தொரு பேருக்கும் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை அவள் முறை.

"சர்க்கரை பிஸ்கட் செய்யலாம்பா. நல்லா இருந்தா என்கூட பேசுவாங்க."

அவர் காதில் 'நல்லா' மட்டும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவருக்கும் தலையில் துணி கட்டி, நகம் பார்த்து, அதன் பிறகே மாவைத் தொடவிட்டார். மகள் முட்டை உடைத்துப் பிசைந்தாள். ஐந்து வயதுத் தம்பி மாவில் ஏதோ உருட்டி நீட்டினான்.

"அப்பா, வாத்து!"

"உடம்பு வேகறதுக்குள்ள கழுத்து கருகிடும். தனியா வை."

அடுத்து அவன் மாவில் செய்த காரும் அங்கேயே போனது. அதன் பின்னால் அப்பாவின் முகமும், மூக்கு அதிகம் என்று போய்ச் சேர்ந்தது.

"ஏங்க, பிள்ளைங்க செய்யணும்னுதானே சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவங்கதான் செய்றாங்க. நான் பாக்கறேன், அவ்வளவுதான்."

"நீங்க பாக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மகள் தேய்த்தாள், டம்ளரைக் கவிழ்த்து வெட்டினாள். அவர் தடிமன் அளந்தார். அறுபத்துச் சொச்சம் வெந்ததில் முப்பத்தொன்று தேறியது. மீதியைத் தம்பி மாலைவரை தின்று தீர்த்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினார். ஆசிரியைகள் அறையில் மகள் சிவந்த கண்ணோடு நின்றாள். மேசையில் டப்பா.

"கடையில வாங்கினேன்னு ஒத்துக்கிட்டா முடிஞ்சுது சார். நான்தான் செஞ்சேன்னு சாதிக்கறா" என்றார் ஆசிரியை.

"வீட்ல செஞ்சதுதாங்க டீச்சர்."

"அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!"

பதினெட்டு வருடத்தில் எந்த மேனேஜர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. அவருக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க" என்றார்.

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க!" என்றார் ஆசிரியை.

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் என்னைத் திருட்டு பிஸ்கட்னு கூப்பிடறாங்கப்பா."

குளிர்ந்தது சட்டென்று வறண்டது. டப்பாவை இழுத்து ஒரு பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு சுத்தம். நிறம் சரி. உடைத்தார். உள்ளேயும் ஒரு குறை இல்லை. அடுத்ததை உடைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரே ஒரு பழுது கிடைக்காதா என்று ஏங்கினார்.

"சார், என்ன பண்றீங்க?"

"கையால செஞ்சிருந்தா எங்கயாவது இருந்தே ஆகணுங்க."

மேசை முழுக்கத் தூள். பத்தொன்பதாவதை உடைத்தபோது வெள்ளையாக ஒன்று தலைகாட்டியது.

"முட்டை ஓடு!" அவர் போட்ட சத்தத்தில் பியூன் எட்டிப் பார்த்தார். "எந்தக் கம்பெனியிலயாவது இது பாஸாகுமா டீச்சர்?"

"அது நான் உடைச்ச முட்டை! நான்தான்!" என்று குதித்தாள் மகள்.

ஆசிரியை அதைக் காகிதத்தில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வீட்டு வேலைதான்" என்றார். வகுப்புக்கு வந்து அதை அப்படியே சொல்லவும் செய்தார்.

உடைந்ததுக்கு வரிசை எதற்கு? பிள்ளைகள் கை கையாக அள்ளினார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி வாய் நிறைய வைத்துக்கொண்டே தன் பையை நகர்த்தி இடம் விட்டாள். மகள் உட்கார்ந்தாள். அப்பா வாசலில் நிற்பதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், அந்த முட்டை ஓட்டை நான் எடுத்துக்கட்டுமா?"

கைக்குட்டையில் மடித்துக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார்ந்ததும் பிரித்தார். இவள் மாவு பிசைந்தபோது நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.